வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கப்பலில் பணிபுரிந்த என் மாமா, அமெரிக்காவில் வாங்கிய பழைய இசைத்தட்டுக் கருவியொன்றைக் கொண்டுவந்தார். பிளக்கை மாற்றி அவசரமாக இணைத்தேன், புகை கிளம்பியது. பின்புறத் தகட்டில் 120 வோல்ட் என்றிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே; நானே படிக்கவில்லை.

நம் மின்சாரம் 230 வோல்ட். ஒரே மின்தடையில் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதமாதலால், மூன்றரை மடங்குக்கும் மேல் உயரும்!

எரிந்த பாகத்தை மாற்றி, அழுத்தம் குறைக்கும் மின்மாற்றி வைத்தோம். கருவி பாடியது, ஆனால் குரல் கனத்து இழுத்தது. அங்கே அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்மாற்றி அதை மாற்றாது. அதிர்வெண்ணையொட்டிச் சுழலும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகமே தரும்; நிமிடத்திற்கு 33⅓ சுற்று ஏறத்தாழ 28 ஆகிவிடும். மோட்டார் கப்பியின் விட்டத்தை 1.2 மடங்காக்கிய பின்னரே குரல் சீரானது.

நண்பர்களே, அயல்நாட்டுக் கருவியை இணைக்குமுன் வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் படியுங்கள்!