எகிப்து நாடகம்: வேடம் போட்டால் வரலாறு வருமா?

இங்கிலாந்தின் திருத்திய பாடத்திட்டம் 2028 செப்டம்பரில் வகுப்பறைக்கு வரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்தச் சூழலில், தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் எகிப்து நாடகங்கள் படிப்பா, வெறும் விழாவா என்று வாசகர்கள் குழம்பிக் கேட்கிறார்கள். 2014 முதல் நடப்பிலுள்ள திட்டம் சுமேரியா, சிந்துவெளி, எகிப்து, ஷாங் கால சீனா ஆகிய நான்கில் ஒன்றை ‘ஆழமாக’ப் படிக்கச் சொல்கிறது. எத்தனை மணி நேரம், எந்தச் சான்றைக் கொண்டு என்பதைச் சொல்லவில்லை. அப்படியானால் ஆழம் என்பது அந்தந்தப் பள்ளி தோண்டுகிற அளவுதான்.

மேடைக்கு மிகவும் ஏற்றது இதயத்தை நிறுக்கும் காட்சி. தராசின் ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு. அனுபிஸ் என்ற கடவுள் நிறுப்பார், தோத் என்ற கடவுள் குறித்துக்கொள்வார், தவறிய இதயத்தை விழுங்க அம்மித் என்ற கொடிய விலங்கு காத்திருக்கும். வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பிள்ளைக்கு முகமூடிதான் நினைவில் நிற்கும். எதைப் பற்றி யோசிக்கிறோமோ அதுவே மனதில் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் சொல்வது இங்கே பொருந்தும். பிரிட்டனின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் வகுத்த முறை இதைத் தலைகீழாக்குகிறது. அதில் பிள்ளைகளே விவரம் தெரிந்தவர்கள். ஆசிரியர் அவர்களிடம் உதவி கேட்டு வருபவராக நடிப்பார். பதில் சொல்லும் பொறுப்பு தோளில் ஏறியதும் பிள்ளை தானாகவே சான்றைத் தேடுகிறது. இந்த முறையின் சூட்சுமம் இதுதான். எடுத்துக்காட்டாக, மன்னர் மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், தானியக் கூலி தாமதமானதால் டெய்ர் எல்-மெதினா என்ற ஊரின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதைப் பதிவுசெய்த பாப்பிரஸ் இன்று டூரினில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களாக நடிக்கும் பிள்ளை, கூலி எங்கிருந்து வந்தது, யாரிடம் முறையிடுவது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இதய நிறுவையைக் காட்டும் சுருள்களோ பெரும்பாலும் அனி என்ற எழுத்தரைப் போன்ற வசதியுள்ளவர்களுடையவை. அதை மட்டும் நடித்தால் உழவரும் கல்தச்சரும் காணாமல் போகிறார்கள்.

கற்பனை கலந்தால் வரலாறு திரியும் என்பது நியாயமான அச்சம். அதற்காக நடிப்பை விட வேண்டியதில்லை. வேடம் கலைத்தபின் எது சான்று, எது நம் ஊகம் என்று வகுப்பே பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்காத நாடகத்தைப் பாடமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நடிப்பு கட்டாயமா? இல்லை.

எகிப்துதான் படிக்க வேண்டுமா? இல்லை, சிந்துவெளியையும் பள்ளி தேர்ந்தெடுக்கலாம்.

விலை உயர்ந்த உடை வேண்டுமா? வெள்ளைத் துணி போதும்.

பெற்றோர் என்ன செய்யலாம்? நாடகம் முடிந்ததும், “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள்.