தடுமாறுபவருக்குக் கைதட்டாதீர்கள்

ஜவ்வாது மலை, ஏற்காடு, நீலகிரி என்று மலையோட்டப் போட்டிகள் பெருகிவிட்டன. ஓடுபவர் தனியாகப் போவதும் குறைந்துவிட்டது. அம்மா ஓடுகிறார் என்றால் அப்பாவும் பிள்ளைகளும் முந்தின நாளே போய் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் ஏதோ ஒரு வளைவில் நீர்மோரும் அட்டையில் எழுதிய வாழ்த்துமாக நிற்கிறார்கள். "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா, விட்றாதே!" என்ற குரல் கேட்டால் ஓய்ந்த கால்களும் எழும்பும். வெயில் ஏறிய பிறகு அந்தக் குரலே ஆபத்தாவதும் உண்டு.

ஏற்றத்தில் வேகம் குறையும். உடல் உண்டாக்கும் சூடு குறையாது. வேகம் குறைந்ததால் மேலே படும் காற்றும் குறைகிறது. புழுக்கமான நாளில் வியர்வை உலராமல் சொட்டி வீணாகிறது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை குழம்பத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு. அதில் முதலில் கெடுவது ஓடுபவரின் நிதானம்தான். ஆகவே "எனக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய நடையையும் பேச்சையும் அன்றாடம் பார்க்கும் வீட்டு மனிதர், புதிதாகப் பார்க்கும் தன்னார்வலரைவிட முன்னதாகவே வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார். கால் பின்னுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, கடைசியாகக் கடந்த தண்ணீர்ப் பந்தல் எது என்று கேட்டால் விழிக்கிறாரா? அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டக்காரர்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டே விழுவதும் சகஜம்.

விழுந்தவரைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு மலையிறங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மருத்துவர்கள் சொல்வது வேறு: முதலில் குளிர்விப்பு, அப்புறம் பயணம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை ஒரு தார்ப்பாயில் அவரைக் கிடத்தி, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றி உடலைச் சுற்றி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தலையை நீருக்கு மேலே பிடித்திருக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் வெப்பத்தாக்குக்கு ஆளான 274 பேரை ஐஸ் நீரில் இறக்கிக் குளிர்வித்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. தார்ப்பாயும் ஐஸும் பெரிய செலவு இல்லை. ஆனால் பதக்கத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும் காட்டும் அக்கறையை இதில் காட்டாத அமைப்பாளர்கள் உண்டு.

தண்ணீர் விஷயத்தில் குடும்பங்கள் எதிர்ப்பக்கம் தவறுவதும் நடக்கிறது. பார்க்கும் இடத்தில் எல்லாம் பாட்டிலை நீட்டினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் உயிருக்கு உலையாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ஓடுபவரும் குடும்பமும் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவர்கள் கையில் இல்லாதவை உண்டு. 2011 செப்டம்பர் 2 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது, காட்டுத்தீ ஒரு பள்ளத்தாக்கில் ஓட்டக்காரர்களைச் சூழ்ந்தது. டூரியா பிட் என்ற இளம் பொறியாளருக்கு உடலில் 65 சதவீதம் வெந்துபோனது. உதவிக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார். மாநில நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பாதுகாப்புக்கான நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் அமைப்பாளரான ரேசிங் தி பிளானட் எடுக்கவில்லை என்று 2012-ல் அறிக்கை தந்தது. 2014-ல் அந்த நிறுவனம் டூரியாவுடன் சமரசத்துக்கு வந்தது.

தமிழகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். பாதை காட்டுக்குள் போகிறது என்றால் வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா என்று பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. அதோடு, வண்டி ஏறாத ஒற்றையடிப் பாதையில் ஒருவர் விழுந்தால் எப்படித் தூக்கி வருவீர்கள், ஐஸ் எங்கே இருக்கும், எந்தச் சூட்டில் போட்டியை நிறுத்துவீர்கள் என்றும் கேட்கலாம். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பதிவுப் படிவத்தின் அடியில் "எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கும். டிக் செய்யாமல் பதிவு முடியாது. செய்ததாலேயே எல்லா உரிமையும் போய்விடாது. ஏற்றம், வெயில், சறுக்கல் போன்றவை ஓட்டக்காரர் தெரிந்தே ஏற்பவை. மருத்துவக் குழு இருக்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு ஆளே வைக்காமல் விடுவது வேறு கதை. கட்டணம் வாங்கி நடத்தும் போட்டி, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். போட்டி எந்த மலையில் நடந்திருந்தாலும் தன் சொந்த மாவட்டத்திலேயே கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஓடியவர் இறந்திருந்தால் வாரிசுகள் வழக்கைத் தொடுக்கலாம். இலவச ஓட்டம் என்றால் இந்த வழி திறக்காது, உரிமையியல் நீதிமன்றம்தான். வழி தெரியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். கட்டண ரசீது, விளம்பரம், தண்ணீர்ப் பந்தலில் எடுத்த படம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை அன்றைக்கே சேர்த்து வைப்பது குடும்பத்தின் வேலை.

காப்பீடு தனிக் கதை. சாகச விளையாட்டில் நேர்ந்த காயத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு பல பாலிசிகளில் இருக்கிறது. மலையோட்டம் அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்திருந்தால் பிறகு தகராறு குறையும். பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே முறையீடு. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.