விரைவில் உலரும் பயணத் துண்டு

முதுகுப்பையில் எடுத்துச் செல்ல ஏற்றதாக, எடை குறைந்து, குறுகிய நேரத்தில் காயும் துண்டு 'விரைவில் உலரும் பயணத் துண்டு' எனப்படுகிறது. இப்பெயரில் கடைகளில் பெரும்பாலும் மைக்ரோஃபைபர் எனும் செயற்கை நுண்ணிழைத் துண்டுகளே விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துண்டான ஈரிழைத் துண்டும் இதே வேலையைச் செய்யும். ஒரு துண்டு எவ்வளவு விரைவில் உலரும் என்பதை அதன் விளம்பரப் பெயர் முடிவு செய்வதில்லை. பிழிந்த பிறகும் அது எவ்வளவு நீரைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

தேவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இத்தகைய துண்டு இரு வகைப் பயணிகளுக்குத் தேவைப்படுகிறது. முதல் வகையினர் ஏலகிரி, ஜவ்வாது மலைகளுக்குச் செல்லும் இளைஞர்களும் மாணவர்களும் ஆவர். ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு மழைக்காலத்திலும் பனிமூட்ட நாட்களிலும் மாலையில் நனைந்த துண்டு மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். இரண்டாம் வகையினர், 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து நோயாளிகளுடன் வருவோர். வெளிச்சமும் காற்றும் குறைந்த விடுதி அறைகளில் பல நாட்கள் தங்குவோருக்குத் துணி காயவைப்பது அன்றாடச் சிக்கல்.

ஈரத் துண்டு சுமையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. நீண்ட நேரம் ஈரமாக இருக்கும் துணியில் நுண்ணுயிரிகள் பெருகி நாற்றம் எழுகிறது. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தோல் நோய் உள்ளவரின் துண்டைப் பிறர் பயன்படுத்தினால் நோய் பரவக்கூடும். நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும் தனித்தனித் துண்டு வேண்டும் என்பது இதனால்தான். கனமான துண்டு இரண்டை வாங்குவதைவிட மெல்லியதாக மூன்று வாங்குவது இவர்களுக்குப் பயன் தரும்.

உலர்தலின் அறிவியல்

துணியின் கனம் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவில் குறிக்கப்படுகிறது. இதனைக் கடைக்காரர்கள் ஜி.எஸ்.எம். என்பர். பூந்துவாலை எனப்படும் டர்க்கி டவல்கள் பொதுவாக 400 முதல் 600 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். அவற்றின் பரப்பில் உள்ள நூல் வளையங்கள் நீரை நிறைய உறிஞ்சுகின்றன. அதே வளையங்களே நீரை விடாமல் பிடித்தும் வைக்கின்றன.

75 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் கொண்ட துண்டின் பரப்பு 1.125 சதுர மீட்டர். 500 ஜி.எஸ்.எம். பூந்துவாலை எனில் அதன் எடை சுமார் 560 கிராம். 150 ஜி.எஸ்.எம். மெல்லிய துண்டு எனில் சுமார் 170 கிராம். இரண்டும் பிழிந்த பின் தத்தம் எடை அளவுக்கு நீரை வைத்திருப்பதாகக் கொண்டால், முதல் துண்டிலிருந்து 560 கிராம் நீரும், இரண்டாவதிலிருந்து 170 கிராம் நீரும் ஆவியாக வேண்டும். காற்றுப்படும் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கனமான துண்டு காய மூன்று மடங்குக்கும் மேலான நேரம் பிடிக்கும்.

ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். இதைச் சுற்றியுள்ள காற்றும் வெயிலும் தருகின்றன. காற்று ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். வேலூரின் கோடை வெயிலில் எந்தத் துண்டும் காய்ந்துவிடும். துண்டின் தரத்தைச் சோதிப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமே.

துண்டு வகைகள்

நுண்ணிழைத் துண்டு: 9,000 மீட்டர் நீளத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள இழை நுண்ணிழை எனப்படும். துண்டுகளில் பாலியஸ்டரும் பாலிஅமைடும் கலந்திருக்கும். பாலியஸ்டர் இழை தன்னுள் நீரை ஏற்பதில்லை. நீர் இழைகளுக்கு இடையிலேயே தங்குவதால் பிழிந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஒரே கனமுள்ள இரு துண்டுகளை ஒப்பிட்டால் பருத்தியைவிட இதுவே முன்னதாகக் காயும். உடலில் ஒட்டி இழுப்பது போன்ற உணர்வு, துவைக்கும்போது நெகிழித் துகள்கள் நீரில் கலப்பது, சூடான இரும்புப் பெட்டி பட்டால் உருகுவது ஆகியவை இதன் குறைகள். ஆம்பூர்க் காலணித் தொழிலில் 'மைக்ரோஃபைபர்' என்று சொல்லப்படுவது, நுண்ணிழைப் பரப்பில் பாலியூரித்தேன் ஏற்றிச் செய்யும் செயற்கைத் தோல். அது வேறு, துண்டு வேறு.

ஈரிழைத் துண்டு: இரண்டு + இழை என்பதே ஈரிழை. வளையங்கள் இல்லாத மெல்லிய பருத்தி நெசவு இது. பருத்தி இழை இயல்பான காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கும். எனவே கடைசி ஈரம் போகச் சற்று நேரமாகும். ஆயினும் மொத்த நூலே குறைவு என்பதால் துண்டு விரைவில் காய்கிறது. கேரளத்தின் தோர்த்து, வங்காளத்தின் கம்சா ஆகியவையும் இதே இனத்தவை. அசாமின் கமோசா 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரப்பதம் மிகுந்த இப்பகுதிகளின் மக்கள் மெல்லிய துணியையே துண்டாகக் கொண்டிருப்பது பட்டறிவின் விளைவு எனலாம்.

லுங்கி: வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம் கைத்தறி லுங்கிக்குப் பெயர் பெற்றது. பழகி மென்மையான பருத்தி லுங்கி உடுக்கவும், போர்த்தவும், துடைக்கவும் பயன்படுவதால் பையில் ஒரு துணி குறைகிறது.

ஷாமாய் தோல்: தோல் தொழில் சார்ந்த இப்பகுதி மாணவர்கள் அறிய வேண்டிய பொருள் இது. செம்மறியாட்டுத் தோலை மீன் எண்ணெயால் பதப்படுத்திச் செய்யப்படும் இது, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். வண்டிகளைத் துடைக்க உதவும். ஆனால் நிழலில் மெதுவாகவே உலர்த்த வேண்டும், காய்ந்தால் விறைக்கும். நீச்சல் வீரர்கள் வைத்திருக்கும் செயற்கை ஷாமாய்த் துண்டும் காய்ந்தால் அட்டை போலாகும் என்பதால் அதனை ஈரமாகவே டப்பாவில் வைப்பர். இவை நன்கு உறிஞ்சுபவை, விரைவில் உலர்பவை அல்ல. உறிஞ்சுதலும் உலர்தலும் இரு வேறு பண்புகள் என்பதற்கு இது தக்க சான்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒளி சீராகக் கசிய வேண்டும். நெசவு ஒழுங்காகவும் ஓரங்கள் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

2. உயரத்திற்கேற்ற அளவு போதும். இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் மட்டும் நீளம் தேவை. முகம் துடைக்க மட்டும் எனில் அரைத் துண்டு போதும்.

3. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் சாயத் துண்டைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போவது தெரிந்துவிடும்.

4. புதிய துண்டில் கஞ்சி இருப்பதால் நீர் ஒட்டாது. இரண்டு மூன்று முறை அலசிய பிறகே அதன் உண்மையான உறிஞ்சும் திறன் வெளிப்படும். முதல் நாளே 'இது துடைக்கவில்லை' என்று ஒதுக்கக்கூடாது.

5. கைத்தறித் துண்டு வேண்டுவோர் 2006-இல் நடைமுறைக்கு வந்த கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கலாம். 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் துண்டுகள் கிடைக்கும். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைத் துண்டுகளையும் லுங்கிகளையும் கைத்தறிக்கு என ஒதுக்கியுள்ளது. நெசவாளர் வாழ்வும் இத்துண்டோடு பிணைந்துள்ளது என்பதை இச்சட்டம் காட்டுகிறது.

எளிய சோதனை

வீட்டிலோ பள்ளியிலோ சமையலறைத் தராசு ஒன்றைக் கொண்டு இதனைச் செய்யலாம். இரு துண்டுகளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் நீரில் முக்கி, ஒரே ஆள் ஒரே விதமாகப் பிழிந்து, மீண்டும் எடை போட வேண்டும். பின்பு ஒரே கொடியில் மடிக்காமல் விரித்துப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடை காண வேண்டும். எடை தொடக்க நிலைக்குத் திரும்பும் நேரமே உலரும் நேரம். கையால் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றிவிடும். மேற்பரப்பு காய்ந்தும் ஓரத் தையலில் ஈரம் இருக்கக்கூடும்.

நீரும் உப்பும்

ஒரே துண்டு ஓரூரில் மென்மையாகவும் வேறூரில் விறைப்பாகவும் இருப்பதற்கு நீரே காரணம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. தோல் பதனிடும் முதற்கட்டத்தில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழிவுநீரில் சேர்கிறது. இத்தகைய கழிவால் பாலாற்றுப் படுகையின் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறியது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

உப்பு நீரில் அலசிய துணி காயும்போது நீர் போய் உப்பு தங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு ஈரத்தை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் காய்ந்த துண்டும் தொட்டால் சில்லென்றிருக்க இதுவும் ஒரு காரணம். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் பிசுக்காகப் படிந்து, துணியின் இடைவெளிகளை அடைத்துவிடும். கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரிலோ மழைநீரிலோ அலசினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

பயன்படுத்தும் முறை

குளித்தவுடன் உடலிலுள்ள நீரைக் கையால் வழித்துவிட்டுத் துடைக்கத் தொடங்க வேண்டும். மெல்லிய துண்டு பாதியில் நனைந்துவிட்டால், பிழிந்து மீண்டும் துடைக்கலாம். பிழிந்த துண்டை உலர்ந்த லுங்கியின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் மேலும் நீர் வெளியேறும். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் உட்பக்கங்களுக்குக் காற்று கிடைக்காது. ஊசிக் கவ்வி கொண்டு ஒற்றையாக விரிக்க வேண்டும். அறைக்குள் என்றால் மின்விசிறிக்குக் கீழே போடலாம். மலைப்பாதையில் நடக்கும்போது பையின் வெளிப்புறத்தில் கட்டிக்கொள்ளலாம். பேருந்து, இரயில் சன்னல்களில் கட்டித் தொங்கவிடுவது ஆபத்தானது.

ஈரத் துண்டை நெகிழிப் பைக்குள் கட்டி வைக்கக்கூடாது. வழியில்லாமல் வைக்க நேர்ந்தால், தங்குமிடம் சேர்ந்தவுடன் பையிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அத்துண்டையே.