அடைப்பு வேறு, விறைப்பு வேறு

ரத்தக்கொதிப்பு உள்ளவரின் தமனிகளுக்கு இரண்டு வகைக் கெடுதல் நேர்கிறது. ஒன்று அடைப்பு, மற்றது விறைப்பு. இரண்டையும் சேர்த்து 'ரத்தக்குழாயில் கொழுப்பு' என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் இவை குழாய்ச் சுவரின் வெவ்வேறு அடுக்குகளில் நடப்பவை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி ரப்பர்போல நெகிழக்கூடியது. இதயம் சுருங்கும்போது அது விரிந்து, வரும் ரத்தத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். இதயம் தளரும்போது தானும் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே தள்ளும். இதயம் விட்டுவிட்டுத் துடித்தாலும் உறுப்புகளுக்கு ரத்தம் விடாமல் பாய்வது இதனால்தான். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் இதை அக்காலத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டார்.

இந்த நெகிழ்வைத் தருவது சுவரின் நடு அடுக்கில் உள்ள எலாஸ்டின் இழை. சிறுவயதோடு அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு இருப்பதை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் விரிந்து சுருங்கும் இழை நாளடைவில் இற்றுப்போகிறது. அந்த இடத்தை வளையாத கொலாஜன் பிடிக்கிறது, கால்சியமும் படிகிறது. ரத்த அழுத்தம் கூடினால் இந்தத் தேய்மானம் முந்திக்கொள்ளும். விறைத்த குழாயோ மேல் அழுத்தத்தை இன்னும் ஏற்றி, கீழ் அழுத்தத்தை இறக்கும். முதியவர்களிடம் 170/70 போன்ற அளவுகள் தென்படுவது இதனால்தான்.

விறைப்பை அளக்க, கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனிவரை நாடி அலை ஓடும் வேகத்தைப் பார்க்கிறார்கள். குழாய் விறைக்க விறைக்க அலை விரைந்து ஓடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி கெட்டிருப்பதாக ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் கொள்கின்றன.

அடைப்பின் கதை வேறு. அதற்குக் காரணமான கொலஸ்டிரால் வேலையைத் தொடங்குவது உள் அடுக்கில். அதைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகள்கள் அங்கே புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பேறித் திட்டாகப் படிகின்றன. அழுத்தத்தால் உட்படலம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் இது இன்னும் எளிது. கூடவே, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதால் குழாய் ஓரளவு இறுகவும் செய்யும். கொலஸ்டிராலுக்கும் விறைப்புக்கும் உள்ள உறவு இந்த வழியாகத்தான்.

ஆனால் எண்களில் பார்த்தால் அந்த உறவு பலவீனமானது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளிவந்த மதிப்பாய்வில், நாடி அலை வேகத்தோடு மாறாமல் ஒட்டிவந்தவை வயதும் ரத்த அழுத்தமும் மட்டுமே. கொலஸ்டிராலின் பங்கு மிகச் சொற்பம்.

இதை வைத்து ரத்தக்கொதிப்பு உள்ளவர் கொலஸ்டிராலைக் கவனிக்காமல் விட்டால் அது தப்புக்கணக்கு. பிரஷர் இறங்கவில்லையே என்று, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துபவர்கள் அதனிடம் எதிர்பார்த்ததே தவறு. அதன் வேலை வேறு. ஆஸ்காட் ஆய்வின், 2003இல் முடிவு வெளியான கொலஸ்டிரால் பகுதியில், ரத்தக்கொதிப்போடு மாரடைப்புக்கான வேறு காரணங்களும் கொண்ட 10,305 பேர் இருந்தனர். அவர்களின் கொலஸ்டிரால் சராசரி அளவிலோ அதற்கும் கீழேயோதான் இருந்தது. பாதிப்பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், மீதிப்பேருக்குப் போலி மாத்திரை. இரு தரப்பிலும் ரத்த அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டுப்பட்டிருந்தும், மருந்து சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் இதயத் தமனி நோய் மரணமும் சேர்ந்து 36 சதவீதம் குறைந்தன. ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட ஆய்வின் இந்தப் பகுதி, பலன் தெளிவாகத் தெரிந்ததால் சுமார் 3.3 ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது.