கெட்டிமேளம் கொட்டியாச்சு, டொரண்டோவில் படம் கறுப்பு! 4 கேமரா கல்யாணத்தில் நடப்பது என்ன?

சென்னை, -

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

புரோகிதர் கையை உயர்த்துகிறார். தவில் அதிர்கிறது. மாப்பிள்ளை தாலியை எடுத்து மணப்பெண்ணின் கழுத்துக்குக் கொண்டு போகிறார். நாலா பக்கமும் இருந்து அட்சதை பறக்கிறது.

அதே நேரத்தில் கனடா நாட்டு டொரண்டோவில் பெண்ணின் பாட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இங்கே காலை 7.30 மணி என்றால், கோடை காலத்தில் அங்கே முந்தின நாள் இரவு 10 மணி. தூக்கத்தை அடக்கிக்கொண்டு விழித்திருக்கிறார்.

திடீரென்று படம் கறுப்பு!

சில விநாடி கழித்துப் படம் வருகிறது. அதற்குள் மாப்பிள்ளை போட்ட முடிச்சு போய்விட்டது. நாத்தனார் அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்தை 'ஜூம்' போன்ற காணொலிக் கூட்டம் மூலம் அனுப்பும் வீடுகளில் நடக்கக்கூடிய விபத்து இது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதம், கல்யாணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அப்போது பரவிய பழக்கம். கட்டுப்பாடு போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

குற்றவாளி யார்?

படம் கறுத்ததற்கு டெலிபோன் கம்பெனியைத் திட்டுவார்கள். எல்லா நேரத்திலும் குற்றம் அங்கே இல்லை.

மண்டபத்தில் 2, 3 கேமரா வைத்து, எல்லாவற்றையும் நேரே கம்ப்யூட்டரில் செருகிவிடுகிறார்கள். பிறகு கூட்டம் நடக்கும்போதே "இந்தக் கேமரா வேண்டாம், அந்தக் கேமரா" என்று மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் பழைய கேமராவை மூடிவிட்டு, புதிய கேமராவைத் திறந்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் படம் கறுக்கிறது, அல்லது உறைந்து நிற்கிறது.

இன்னொரு வில்லனும் உண்டு. ஒரே யு.எஸ்.பி. பெட்டியில் 2 கேமராவைச் செருகினால், இரண்டும் ஒரே பாதையில் முட்டி மோதும். ஒன்று ஓடும், இன்னொன்று படுத்துவிடும்!

மிக்சர் பெட்டி

இதற்கு மருந்து, வீடியோக்காரர்கள் 'மிக்சர்' என்று சொல்லும் சின்னப் பெட்டி. டெலிவிஷன் நிலையத்தில் பெரிய மேஜை செய்த வேலையை இது செய்கிறது. 2019-ல் 'பிளாக்மேஜிக்' கம்பெனி 295 டாலர் விலையில் 'ஏடெம் மினி' என்ற பெட்டியை வெளியிட்டது. 4 கேமரா வயர்களை இதில் செருகலாம்.

சூட்சுமம் இதுதான். 4 கேமராவும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியில் இருந்து ஒரே ஒரு வயர்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒரே கேமரா! பொத்தானைத் தட்டினால் படம் மாறும். இணைப்பு அறுவதில்லை. அதனால் கறுப்பும் இல்லை.

பணம் போட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 'ஓ.பி.எஸ்.' என்ற இலவச மென்பொருள் இதே வேலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும்.

நாதஸ்வரத்துக்குத் தடை!

படம் சரியானாலும் சத்தம் சதி செய்யும். கேமரா மாறும்போதெல்லாம் சத்தமும் மாறினால், ஒரு நேரம் மேளம் காதைப் பிளக்கும்; மறு நேரம் கிணற்றுக்குள் இருந்து கேட்கும். சத்தத்துக்கு ஒரே மைக் வைத்து அதையே கடைசிவரை விட வேண்டும்.

காணொலி மென்பொருளுக்குப் பேச்சுதான் முக்கியம். நாதஸ்வரமும் தவிலும் அதற்கு வெறும் இரைச்சல்! 'சத்தம் குறைக்கிறேன்' என்று மங்கல இசையையே அமுக்கிவிடும். 'ஜூம்' கூட்டத்தில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

சிவப்பு விளக்கு

எந்தக் கேமரா ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பது அதைவிட ஆபத்து. 2021 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டில் காணொலி மூலம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வக்கீல் ஒருவர், கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண்ணுடன் தகாத முறையில் நடந்துகொண்ட காட்சி திரையில் தெரிந்தது. ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது.

மிக்சர் பெட்டியில் ஓடும் கேமராவின் பொத்தான் சிவப்பாக எரியும். மணமகள் அறையில் கேமரா வைக்கும் வீடுகளில் அந்தச் சிவப்பு மேல் ஒருவர் கண் வைத்தே இருக்க வேண்டும். அலங்காரம் முடிந்ததும் அந்தக் கேமராவின் வயரையே பிடுங்கிவிடுவது இன்னும் நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வீடியோக்காரரிடம் 3 கேள்வி கேளுங்கள். கேமராக்களை நேரே கம்ப்யூட்டரில் செருகுவாரா, மிக்சர் உண்டா? பொத்தான் தட்டுவதற்கென்று தனி ஆள் உண்டா? மண்டபத்து இணைப்பு போனால் மாற்று இணைப்பு உண்டா?

நான்காவதாக ஒரு வேண்டுகோளும் வையுங்கள். மேடை முழுவதும் தெரியும்படி ஒரு கேமராவை உயரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தாலி கட்டும்போது போட்டோக்காரர்களும் சொந்தக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். கீழே இருக்கும் கேமராக்களுக்கு முதுகுதான் தெரியும். அந்த நேரத்தில் கைகொடுப்பது உயரத்துக் கேமராதான்.

பதிவான படத்தைப் பிறகு எத்தனை தரமும் பார்க்கலாம். ஆனால் டொரண்டோ பாட்டி ராத்திரியில் விழித்திருந்தது, அந்த முதல் முடிச்சை அந்த விநாடியிலேயே பார்க்கத்தான்!