விற்குமுன் மதிப்பறிதல்

வீடு திருத்தும் வேளையிலே பழைய றங்குப்பெட்டி ஒன்று திறக்கப்படுகின்றது. பாட்டனார் காலத்துக் காணி உறுதிகளுக்கும் சாதக ஓலைகளுக்கும் அடியில், மட்டை கழன்று பழுப்பேறிய தடித்த நூலொன்று கிடக்கின்றது. வீட்டு இளைஞன் கைத்தொலைபேசியில் அதனைப் படம் பிடித்து இணையத்திலே தேடுகின்றான். அதே பெயருடைய நூலுக்கு இலண்டனில் ஒருவர் பெருந்தொகை கேட்டிருப்பது தெரிகின்றது. மறுநாள் பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து, "இதற்கு இரண்டாயிரம் ரூபாய் தரலாம்; பெட்டியோடு தந்தால் ஐயாயிரம்" என்கின்றார். கூரைக்கு ஓடு மாற்றப் பணம் தேடிக்கொண்டிருக்கும் அக்குடும்பம் எந்தத் தொகையை நம்புவது?

இரண்டையும் உடனே நம்பலாகாது என்பதே பழநூல் வாணிகம் அறிந்தோர் கூறும் விடையாகும். முன்னது விற்பவர் ஒருவரின் விருப்பம். பின்னது வாங்குபவர் ஒருவரின் விருப்பம். இந்நூல் என்ன விலை பெறும் என்று வினவுமுன், இஃது எந்த நூல் என்று வினவுதல் வேண்டும். பெயரையும் ஆசிரியரையும் அறிவதால் மட்டும் அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடாது. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, எந்த அச்சுக்கூடம், எத்தனை தாள், எவர் கையிலிருந்து வந்தது என்பனவெல்லாம் சேர்ந்தே அவ்விடையாகும்.

பழமை வேறு, அருமை வேறு. நூறு ஆண்டு கடந்த நூல்களுட் பல, ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டமையால் இன்றும் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றை விரும்பி வாங்குவோரும் சிலரே. மாறாக அண்மைக்காலத்து நூலொன்று பெருமதிப்புப் பெறுதலும் உண்டு. இங்கிலாந்தில் 1997இல் வெளிவந்த ஹரி பொட்டர் வரிசையின் முதல் நூல் இதற்கு நல்ல சான்று. கெட்டி அட்டையுடன் அதன் முதல் அச்சிற் பதிப்பிக்கப்பட்டவை ஏறத்தாழ 500 பிரதிகளே. அவ்வச்சின் பிரதியொன்று 2021 டிசம்பரில் அமெரிக்காவில் 471,000 டொலருக்கு ஏலம் போயிற்று. பின்னர் இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்ட பிரதிகளோ சாதாரணப் பழைய புத்தக விலைக்கே விற்கப்படுகின்றன. கதையும் எழுத்தும் ஒன்றேயாயினும், பதிப்புரிமைப் பக்கத்தில் 10 முதல் 1 வரை இறங்குவரிசையில் அமைந்த எண்கள் முழுமையாக நிற்பதும், உரிமையாளர் பெயர் ஜோன் றோலிங் என முதற்பெயர் விரித்து அச்சிடப்பட்டிருப்பதும் முதல் அச்சினைக் காட்டும் அடையாளங்களுட் சில. அச்செண் வரிசையைப் படிக்க அறியாதவர் அருமையானதை அற்ப விலைக்குக் கொடுக்கவும் கூடும். அற்பமானதை அருமையானதெனப் பறைசாற்றி நகைப்புக்கு இடமாகவும் கூடும்.

தமிழ் நூல்களில் இத்தகைய எண்வரிசை பெரும்பாலும் இராது. ஆயின் முகப்புத்தாள் பல செய்திகளைத் தரும். நூலாசிரியர், உரையாசிரியர், பரிசோதித்துப் பதிப்பித்தவர், அச்சுக்கூடம், ஊர், ஆண்டு ஆகிய எல்லாம் அங்கே காணப்படும். ஆண்டினைப் படிக்கும்போது இரண்டு இடர்கள் உள. ஒன்று தமிழ் எண். ௲௮௱௮௰௫ என நிற்பது 1885 என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். மற்றொன்று ஆண்டின் பெயர். பிரபவ முதலிய பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. பார்த்திப வருடம் என்று மட்டும் குறித்த நூல் 1885இலும் வந்திருக்கலாம், 1945இலும் வந்திருக்கலாம். தாளின் தன்மை, எழுத்தின் வடிவம், அச்சுக்கூடம் இயங்கிய காலம் ஆகியவற்றை ஒப்பிட்டே ஐயந்தீர்தல் வேண்டும்.

அடுத்தது பதிப்பின் வரலாறு. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய பின்னர் அவர் பதிப்பித்த நூல்கள், அவர் மறைந்த பின்னரும் பலமுறை மறுபதிப்பாயின. முகப்புத்தாளில் நாவலர் பெயரைக் கண்ட அளவில் அது அவர் காலத்துப் பதிப்பே எனத் துணிவது தவறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரம், ஏட்டிலிருந்த நூலை அச்சுக்குக் கொண்டுவந்த முயற்சிகளுள் ஒன்று. அதன் முதற்பதிப்புக்குத் தனி மதிப்புண்டு. எனினும் பிந்திய பதிப்பெல்லாம் தாழ்ந்தது என்பதும் பொருந்தாது. சி. கணேசையரின் குறிப்புகளுடன் சுன்னாகத்திலிருந்து 1937 முதலாக வெளிவந்த தொல்காப்பியப் பதிப்பை, அக்குறிப்புகளுக்காகவே அறிஞர் தேடுவர்.

பதிப்பை ஒப்பிட்டறியத் துணைநூல்கள் உள. ஜோன் மேர்டொக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகுப்பு அட்டவணையும், பார்னெற்றும் போப்பையரும் 1909இல் வெளியிட்ட பிரித்தானிய நூதனசாலைத் தமிழ் நூற் பட்டியலும் இன்றும் பயன்படுவன. உலக நூலகங்களின் பட்டியல்கள் இப்போது இணையத்தில் ஒருங்கே கிடைத்தலால், ஒரு பதிப்பின் பிரதிகள் எவ்வெந்நூலகங்களிற் பதிவாகியுள்ளன என்பதை வீட்டிலிருந்தவாறே அறியலாம்.

பதிப்புத் தெரிந்தபின் நூலின் நிலையை நோக்குதல் வேண்டும். முதற் பக்கத்திலிருந்து ஈற்றுப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை. பதிப்புரை, பொருளட்டவணை, பிழைதிருத்தம் ஆகிய பகுதிகளுக்குத் தனி எண்வரிசை இருத்தல் கூடுமாதலால், அவை விடுபட்டிருப்பினும் எளிதில் தெரியாது. படங்களுள்ள நூலாயின் இது மேலும் இன்றியமையாதது. கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் எழுதி 1681இல் இலண்டனில் வெளிவந்த இலங்கை வரலாற்று நூலில் நிலப்படமும் செப்புத்தகட்டுச் சித்திரங்களும் உள. நிலப்படம் கிழிந்துபோன பிரதி, முழுமையான பிரதியின் விலையைப் பெறாது. அந்நூல் 1911இல் கிளாஸ்கோ நகரில் மீளவும் அச்சாயிற்று. ஆதலின் நொக்ஸின் நூல் வீட்டிலிருக்கின்றது என்ற அளவில் மகிழ்வதற்கில்லை.

பூச்சியரிப்பு, ஈரக்கறை, ஒடியும் தாள், கட்டுத் தளர்வு ஆகியன விலையைக் குறைப்பன. ஆயின் அவற்றைத் தாமே செப்பனிட முயல்வோர் மேலும் குறைத்துவிடுகின்றனர். கிழிசலுக்கு ஒட்டும் செலோடேப் நாளடைவில் மஞ்சளித்து எழுத்தையும் கெடுக்கும். அழுக்கோரத்தை வெட்டி எடுத்தலும், புதிய பளபளப்பான கட்டிடுதலும், வெயிலிற் காயவைத்தலும் கூடா. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, சுத்தமான தாளிற் சுற்றி, ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைத்தலே போதும்.

உட்தாளிலுள்ள கையொப்பத்தை அழுக்கென்று அழிப்பதும் பெரும்பிழை. அறிஞர் ஒருவரின் கையொப்பமோ, பக்க ஓரத்தில் அவர் எழுதிய குறிப்போ, நூலாசிரியர் அன்பளிப்பாக எழுதிய வரியோ நூலின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்தவல்லது. அது மெய்யானது என்பதற்குக் குடும்பத்திலுள்ள பழைய கடிதங்களும் நிழற்படங்களும் சான்றாகும். எனவே அவற்றை நூலிலிருந்து பிரித்து வைத்தலாகாது.

இவற்றையெல்லாம் அறிந்தபின்னரே விலைக்கு வருதல் தகும். இணையத்தில் நூலுக்கு எதிரே காணும் எண் கேட்கும் விலை. அது விற்ற விலையன்று. ஒரே நூல் ஆண்டுக்கணக்கில் அதே விலையோடு அங்கே கிடப்பதும் உண்டு. ஏலத்தளங்கள் சிலவற்றில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உளது. ஏலநிறுவனங்களும் தம் பழைய முடிவுகளை வெளியிடுகின்றன. அதே பதிப்பு, அதே நிலை, அண்மைக்காலம் என்னும் மூன்றும் பொருந்திய விற்பனைகளையே ஒப்பிடுதல் வேண்டும்.

மதிப்பு என்பதும் ஒரு வகையன்று. காப்புறுதிக்காகக் கணிக்கப்படுவது, அத்தகைய பிரதியொன்றைக் கடையில் மீண்டும் வாங்க வேண்டிய தொகை. ஆதலின் அது உயர்ந்திருக்கும். வாணிகர் கொடுக்கும் தொகை, அவர் விற்க எண்ணும் விலையில் மூன்றிலொன்று முதற் பாதி வரை இருப்பது வழக்கம். கடை வாடகை, காத்திருக்கும் காலம், விற்காமற் போகும் இடர் ஆகியவற்றை அவர் தாங்குவதால், இதனை வஞ்சகமென்று கொள்ளலாகாது. ஏலத்திலோ நிறுவனத்தின் தரகு கழிக்கப்படும். மதிப்பீட்டைப் பெறுபவர், அஃது எவ்வகை மதிப்பு என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுவது நன்று.

மதிப்பிடுபவரைத் தெரிதலிலும் கவனம் வேண்டும். நூலை மதிப்பிடுபவரே அதனை வாங்குபவராகவும் இருப்பின், குறைத்துச் சொல்லுதல் அவருக்கு ஆதாயம். மதிப்பில் இத்தனை வீதம் என்று கூலி பெறுபவருக்கோ உயர்த்திச் சொல்லுதல் ஆதாயம். ஆதலின் குறித்த கூலி பெற்று, வாங்கும் எண்ணமில்லாது மதிப்பிடுபவரே தக்கவர். 1947இல் தோன்றிய பழநூல் வாணிகர் சர்வதேசச் சங்கத்தைச் சார்ந்தோர் நன்னடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அவருட் பலர் நிழற்படம் கண்டே முதற்கருத்துக் கூறுவர். தமிழ் நூலாயின், தமிழ்ப் பதிப்பு வரலாறு கற்ற பேராசிரியர் அல்லது நூலகர் ஒருவரின் கருத்தையும் பெறுதல் நன்று. மேனாட்டு வாணிகர் அறியாத நுட்பத்தை அவர் அறிவார்.

கடல்கடந்து விற்க எண்ணுவோர் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். கலாசாரச் சொத்துக்கள் பற்றிய 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அத்தகைய சொத்துக்களை அனுமதிப்பத்திரமின்றி இலங்கையிலிருந்து ஏற்றுமதி செய்தலாகாது. ஏடுகளும் அரிய பழநூல்களும் இருப்பின், தபாலிற் சேர்க்குமுன் தொல்பொருளியல் திணைக்களத்தில் விசாரித்தல் கடனாகும். இணையத்தில் விளம்பரம் செய்யும்போது முகப்புத்தாள், பதிப்புரை, ஈற்றுப் பக்கம், சேதமுற்ற இடங்கள் ஆகியவற்றின் படங்களை மறையாது காட்டுதல் வேண்டும். குறையை முன்னரே சொன்ன நூல் திரும்பி வருவதில்லை.

இறுதியாக ஒன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் பல ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த நூல்களையும் சிதறடித்தன. ஆகவே இந்நாட்டில் ஒரு றங்குப்பெட்டியிலுள்ள தமிழ் நூல், எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருத்தல் கூடும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், 1992இல் அவர் மறைந்தபின் சிதறாது சிக்காகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயின. அக்குடும்பம் விலையும் பெற்றது, நூல்களும் பிழைத்தன. விற்பதற்கு முன்பாக நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் மின்படியாக்கிக் காத்தலும் இன்று இயலும். 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் என்னும் முயற்சி அதற்கு ஒரு வாயில்.

கூரைக்கு ஓடு வேண்டிய குடும்பம் நூலை விற்பதிற் குற்றமில்லை. பெட்டியோடு ஐயாயிரம் என்ற சொல்லுக்கு அன்றே உடன்படாது, சில கிழமை பொறுத்து, கையிலுள்ளது யாதென அறிந்து விற்பார்களாயின், ஓட்டுக்கும் பணம் கிடைக்கலாம். பாட்டனார் காத்த நூல் எங்கே சென்றது, அதில் என்ன இருந்தது என்பதும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.