குழந்தைக்குப் பெயர் 'கிழவன்'



பெயராய்வுப் பாடத்தின்போது ஒரு மாணவர் தம் கொள்ளுத் தாத்தாவின் பெயர் 'குப்பன்' என்று சொன்னார். பசங்க சிரிச்சிட்டாங்க. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் அவர்களுக்கு நான் சொன்ன ஒரு யூதப் பெயரின் கதை இது.

'அல்டர்' என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே வழங்கிய ஆண்பால் பெயர். இன்று அரிதாகிவிட்டது. இது அவர்கள் பேசிய இத்திஷ் மொழிச் சொல். இத்திஷ் எபிரேய எழுத்தில் எழுதப்படும். ஆனால் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'அல்ட்' என்றால் வயதான. 'அல்டர்' என்றால் வயதானவன். நம் மொழியில் 'முதுமை' என்ற பண்பின் அடியாக 'முதியவன்' பிறப்பது போலத்தான். பெண்ணுக்கு 'அல்டெ'.

பிறந்த குழந்தைக்கு ஏன் இந்தப் பெயர்? முன் பிறந்த பிள்ளைகள் இறந்துபோன வீட்டிலும், குழந்தை கடும் நோயில் கிடக்கும்போதும் இதைச் சூட்டினார்கள். மரண தூதன் குழந்தையைத் தேடி வருவான். 'கிழவன்' என்ற பெயரைக் கேட்டு ஏமாந்து திரும்பிவிடுவான் என்பது நம்பிக்கை. பிள்ளை முதுமை வரை வாழட்டும் என்ற வாழ்த்தும் அதில் உண்டு. விதியை மாற்றக் கூடியவற்றுள் பெயர் மாற்றத்தையும் ஒன்றாக யூதர்களின் தல்மூத் நூல் சொல்கிறது. நோயாளிக்கு 'உயிர்' எனப் பொருள்படும் 'ஹயிம்' என்ற எபிரேயப் பெயரைச் சேர்ப்பதும் இதே வழக்கம்தான்.

இப்பெயர் தாங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளரும் புகைப்படக் கலைஞருமான அல்டர் காட்சிஸ்னே. 1885இல் வில்னாவில் பிறந்தவர். போலந்து யூதர்களின் அன்றாட வாழ்வைப் படமெடுத்தார். 1941இல் தர்னோபோல் நகரில் நடந்த யூதப் படுகொலையில் கொல்லப்பட்டார்.

இப்போது நம் பெயர்களுக்கு வருவோம். பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் 'குப்பன்' என்றார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கித் 'தவிடன்' என்றார்கள். இறைவனிடம் இரந்து பெற்றதாக எண்ணிப் 'பிச்சை' என்றார்கள். அங்கே வயதானவன் என்று காட்டினார்கள். இங்கே மதிப்பில்லாதவன் என்று காட்டினார்கள். வழிதான் வேறு, பெற்றவர்களின் பயம் ஒன்றே.

தேர்வு எழுதும் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'மாற்று' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இதே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. ஆனால் அது லத்தீனில் 'மற்றது' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்தப் பெயருக்கு உண்மையான உறவு, 'பழைய' எனப் பொருள்படும் 'ஓல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே. ஒலியோ எழுத்தோ ஒத்திருப்பது மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. கட்டுரையில் இதை எடுத்துக்காட்டாகத் தரலாம்.

ஆசிரியர்கள் இதை வகுப்பு நடவடிக்கையாக்கலாம். ஒவ்வொரு மாணவரும் வீட்டு மூத்தவர் ஒருவரின் பெயர்க் காரணத்தைக் கேட்டு ஐந்து வரி எழுதி வரட்டும். என் மாணவர் கேட்டு வந்தார். 'குப்ப'னுக்கு முன்னால் மூன்று குழந்தைகள் இறந்திருந்தன. அவர் அதை வாசித்தபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.